சருகுமான் குன்றில் வந்த காய்ச்சல்

வீட்டில் ஒரு குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். "ஒன்றுமில்லை, பல் முளைக்கிறது" என்று தீர்ப்புச் சொல்கிறாள். அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "கண் பட்டிருக்கிறது; மிளகாய் சுற்றிப் போடுங்கள்" என்கிறாள். டாக்டரிடம் போனால், "இப்போது ஊரெல்லாம் ஃப்ளூ" என்று அவர் மருந்துச் சீட்டை நீட்டுகிறார். யாராவது ஒருவர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும், ஜுரம் இறங்குகிறதோ இல்லையோ, நம்முடைய கவலை பாதி இறங்கிவிடுகிறது!

ஒரு நாட்டுக்கே இப்படி நேர்ந்தது உண்டு. வந்த காய்ச்சலுக்குச் சட்டென்று ஒரு பெயர் கிடைத்தது. மிகவும் பொருத்தமான பெயர்தான். படித்தவர்கள், அநுபவசாலிகள் யோசித்து வைத்த பெயர். அந்தப் பெயரை நம்பி ஐந்து மாத காலம் கொசுவைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலோ லாரி ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

கதை பன்றிகளைப் பற்றியது. சில வாசகிகள் இந்த இடத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடப் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். இதில் பன்றி மட்டும் வரவில்லை. மாமரம் வருகிறது, வௌவால் வருகிறது, பிடிவாதக்காரரான ஒரு டாக்டர் வருகிறார். கடைசியில் நமக்கு மிக அருகே உள்ள கோழிக்கோடும் வருகிறது.

ஈப்போவில் ஆரம்பம்

மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ஈப்போ என்ற நகரம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். குன்றுகளின் அடிவாரத்தில் சீனக் குடும்பங்கள் நடத்திவந்த பன்றிப் பண்ணைகள். 1998-ஆம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் அந்தப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் சிலருக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் தலைவலி, வாந்தி. பிறகு தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல். சிலருக்குக் கை கால் வெட்டி இழுத்தது. நினைவு தப்பி, சில நாட்களிலேயே உயிர் போயிற்று.

மூளைக் காய்ச்சல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த மூளைக் காய்ச்சல் என்பதுதான் கேள்வி. பன்றிப் பண்ணை என்றதுமே வைத்தியர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்துவிட்டது: ஜப்பானிய மூளைக் காய்ச்சல்!

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் நமக்கும் புதியதல்ல. இந்தியாவில் அது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே நம் வேலூரில்தான், 1955-இல். அந்த வைரஸ் பன்றியின் இரத்தத்தில் ஏராளமாகப் பெருகும். வயல் நீரில் பிறந்த கொசு பன்றியைக் கடிக்கும்; பிறகு மனிதனைக் கடிக்கும். பன்றி உண்டு, கொசு உண்டு, மூளைக் காய்ச்சலும் உண்டு. அப்புறம் வேறென்ன வேண்டும்? போதாததற்கு, நோயாளிகள் சிலருடைய இரத்தத்தைச் சோதித்தபோது ஜப்பானியக் காய்ச்சலுக்கான அறிகுறியும் தென்பட்டது.

காரியங்கள் மளமளவென்று நடந்தன. கொசு மருந்துப் புகை பண்ணை பண்ணையாக அடிக்கப்பட்டது. ஜனங்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். சர்க்கார் சோம்பியிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், நோய் நிற்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள்; செத்தும் போனார்கள்.

ஈப்போவில் பீதி கிளம்பியதும் பண்ணைக்காரர்கள் வேறு யார்தான் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். கிடைத்த விலைக்குப் பன்றிகளை விற்றார்கள். பன்றிகள் லாரிகளில் தெற்கே போயின. டிசம்பரில் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிக்காமட் என்ற இடத்தில் காய்ச்சல். புது வருஷம் பிறந்ததும் அதே மாநிலத்தில் புக்கிட் பெலாண்டோக். மலாய் மொழியில் 'புக்கிட்' என்றால் குன்று. 'பெலாண்டோக்' என்றால் சருகுமான். பெயர் என்னவோ சாதுவான பெயர். ஆனால், அங்கே சருகுமானைவிடப் பன்றிகள்தான் அதிகம். பெரிய பெரிய பண்ணைகள் நெருக்கமாக இருந்த வட்டாரம் அது. காய்ந்த வைக்கோலில் பொறி விழுந்தது போல ஆயிற்று.

கொசு செய்யாத காரியம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் ருசியாகத் தோன்றுகிற இடம் இதுதான். சோதனைச் சாலையில் கண்ணாடிக் குழாய்கள் சொல்லாததை, பண்ணை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தால் கண்டுபிடித்திருக்கலாம். சில பேர் அப்படி யோசிக்கவும் செய்தார்கள்.

முதலாவது, ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் பிடிக்கும். இங்கேயோ விழுந்தவர்கள் அநேகமாக எல்லாரும் வளர்ந்த ஆண்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்க்கப்பட்ட 94 நோயாளிகளைப் பற்றிப் பின்னால் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதில் ஒரு பெண்ணுக்கு நாலரை ஆண் என்ற விகிதம். சராசரி வயது 37. அவர்களில் நூற்றுக்கு 93 பேர் பன்றிகளைக் கையால் தொட்டுப் புழங்கியவர்கள்.

கொசுவுக்கு ஆண் பெண் என்ற பேதம் உண்டா? பண்ணைக்காரரைக் கடித்த கொசு, உள்ளே சமையல் செய்துகொண்டிருந்த அவருடைய மனைவியை மட்டும் மரியாதையாக விட்டுவைக்குமா? பக்கத்துக் கம்பத்தில் மலாய் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் பன்றியைத் தொடுவதில்லை. அவர்களுக்குக் காய்ச்சலும் வரவில்லை. மத ஆசாரம் பார்த்துக் கடிக்கும் கொசு உலகத்தில் எங்கும் கிடையாது!

இரண்டாவது, பன்றிகளே சீக்காயிருந்தன. ஜப்பானியக் காய்ச்சலில் சினைப் பன்றி கரு கலைக்கும்; மற்றபடி பன்றிகள் சௌக்கியமாகவே இருக்கும். இங்கேயோ பன்றிகள் மூச்சு வாங்கின; குரைப்பது போல இருமின. வெகு தூரம் கேட்கும் இருமல் என்பதால் 'ஒரு மைல் இருமல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். சில பன்றிகளுக்குக் கால் இழுத்தது. தாய்ப் பன்றிகள் சில திடீரென்று செத்தன. ஆனாலும் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து கூடச் சாகவில்லை. அதனால்தான் பன்றிகளின் நோய் பெரிதாகப் படவில்லை. பன்றிக்குச் சளி, மனிதனுக்குச் சாவு என்று ஒரு வியாதி இருக்கும் என்று யார் கண்டார்கள்?

மூன்றாவது, பண்ணை நாய்களும் செத்தன.

இவ்வளவும் கண்ணெதிரே இருந்தது. ஆனால், ஒரு தடவை பெயர் வைத்தாகிவிட்டதே! பெயருக்கு ஒத்துவராத சங்கதிகளை ஒதுக்கி வைப்பது மனித சுபாவம்.

பிடிவாதக்கார டாக்டர்

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் பகுதியில் அப்போது டாக்டர் சுவா காவ் பிங் என்பவர் வைரஸ் சாஸ்திரம் பயின்றுகொண்டிருந்தார். பகுதியின் தலைவர் பேராசிரியர் லாம் சாய் கிட். 1999 மார்ச் மாத ஆரம்பத்தில், இறந்த நோயாளி ஒருவரின் முதுகுத் தண்டு நீர் அவரிடம் வந்தது. சுங்கை நிப்பா என்ற கிராமத்துக்காரர். சுங்கை என்றால் ஆறு. நிப்பா என்பது ஆற்றங்கரைச் சதுப்பில் வளரும் ஒரு வகைப் பனை.

வைரஸ் என்பது ரசம், சாதத்தில் வளர்கிற பூஞ்சைக் காளான் மாதிரி அல்ல. உயிருள்ள அணுவுக்குள் நுழைந்தால்தான் அது பெருகும். ஆகையால், குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்து, அதன்மேல் நோயாளியின் நீரை விட்டு வைப்பார்கள். பிறகு தினந்தோறும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாம் தயிர் உறைந்துவிட்டதா என்று எத்தனை தரம் மூடியைத் திறந்து பார்க்கிறோம், அது போல.

சில நாட்களில் புட்டியில் மாறுதல் தெரிந்தது. தனித்தனியாக இருந்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகிப் பெரிய பெரிய திட்டுக்களாகிவிட்டன. இட்லித் தட்டில் மாவு வழிந்து நாலு இட்லியும் ஒன்றாகிவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜப்பானியக் காய்ச்சல் வைரஸ் இந்த மாதிரி செய்வது வழக்கமில்லை. இது வேறு ஆசாமி!

எந்த ஆசாமி என்று தெரிந்துகொள்ளும் வசதி அமெரிக்காவில் இருந்தது. டாக்டர் சுவா தம் மாதிரிகளை எடுத்துக்கொண்டு கொலராடோவில் உள்ள ஃபோர்ட் காலின்ஸ் சோதனைச் சாலைக்குப் பறந்தார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைரஸின் உருவம் தெரிந்தது. தட்டம்மை, புட்டாலம்மை வைரஸ்கள் இருக்கின்றனவே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது! கொசுவால் பரவும் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கிருந்து அட்லாண்டா நகரத்து நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இதன் நெருங்கிய பங்காளி யார் என்பது புலப்பட்டது: ஹெண்ட்ரா வைரஸ். 1994-இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரின் ஹெண்ட்ரா பகுதியில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட குதிரைகளையும், அவற்றைப் பழக்கிய பயிற்சியாளரையும் கொன்ற வைரஸ் அது.

செய்தி கோலாலம்பூருக்குப் பறந்தது: கொசுவை விடுங்கள், பன்றியைக் கவனியுங்கள்!

இத்தனைக்கும் அந்த வைரஸை டாக்டர் சுவா கையாண்டது சாதாரணச் சோதனைச் சாலையில். இன்று உலகத்தில் மிகவும் கடுமையான பாதுகாப்பு உள்ள கூடங்களில், காற்றுக்குழாய் பொருத்திய உடுப்பை மாட்டிக்கொண்டுதான் நிப்பா வைரஸைத் தொடுகிறார்கள். நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

மார்ச் நடுவில் விஷயம் பகிரங்கமாயிற்று. ராணுவ வீரர்கள் முகமூடி, கையுறை, உயரமான பூட்ஸுகளுடன் பண்ணைகளுக்குள் நுழைந்தார்கள். பன்றிகளைச் சுட்டு, பெரிய குழிகளில் தள்ளி மூடினார்கள். மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல். இந்த இலக்கத்தை எழுதுவது சுலபம். ஒரு குடும்பம் முப்பது வருஷமாக வளர்த்த சொத்து ஒரு நாளில் மண்ணுக்குள் போவதை வாசலில் நின்று பார்ப்பது சுலபமல்ல. சில வீடுகளில் புருஷனும் போனான், பண்ணையும் போயிற்று. புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்பையே பிறகு தடை செய்துவிட்டார்கள்.

இதற்குள் சிங்கப்பூரிலும் கசாப்புக் கூடத்துத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டு ஒருவர் இறந்திருந்தார். மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளை அறுத்தவர்கள் அவர்கள். சிங்கப்பூர் உடனே இறக்குமதியை நிறுத்தியது.

மே மாதத்தோடு மனிதர்களிடையே நோய் ஓய்ந்தது. மலேசியாவில் கணக்கு: 265 நோயாளிகள், 105 சாவு. பிழைத்தவர்களிலும் சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்து மூளைக் காய்ச்சல் மறுபடி திரும்பியது. ஐந்து மாதம் முன்னால் பன்றியைக் கவனித்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? சருகுமான் குன்று வரையில் அது போயிராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாமரத்து விருந்தாளி

சரி, பன்றிக்கு எங்கிருந்து வந்தது?

ஹெண்ட்ரா வைரஸுக்குப் பழந்தின்னி வௌவால்தான் தாய்வீடு என்று ஆஸ்திரேலியர்கள் கண்டிருந்தார்கள். அதனால் மலேசியாவிலும் கண்கள் மரத்துக்கு மேலே போயின. பழந்தின்னி வௌவால் நமக்கும் பழக்கமானதுதான். அரச மரத்திலும் ஆல மரத்திலும் கறுப்புக் குடைகளை மடித்துத் தொங்கவிட்டது போலத் தலைகீழாகத் தொங்குமே, அதே ஜாதி. இறக்கையை விரித்தால் நம் குழந்தைகளின் உயரம் இருக்கும்.

அதைப் பிடித்துச் சோதிப்பது பெரும்பாடு. டாக்டர் சுவா ஓர் எளிய வழி கண்டார். கிழக்குக் கரைக்கு அப்பால் தியோமான் என்ற தீவில் வௌவால்கள் கூட்டமாகத் தங்கும் மரங்கள் இருந்தன. அவற்றின் அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து வைத்தார். இரை தேடிவிட்டு விடிவதற்குமுன் மரத்துக்குத் திரும்பும் வௌவால்கள் முதலில் செய்கிற காரியம் எதுவோ, அது விரிப்பில் துளித் துளியாக விழுந்தது! அந்தத் துளிகளைப் பஞ்சில் ஒற்றி எடுத்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் பொறுக்கினார்கள். விஞ்ஞான ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் பளபளக்கும் கருவியும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான மாதிரிகளில் மூன்றில் நிப்பா வைரஸ் உயிரோடு கிடைத்தது. இரண்டு சிறுநீரில், ஒன்று, பாதி தின்று எறிந்த பழத்தில். மலாய்க்காரர்கள் 'ஜம்பு ஆயர்' என்று சொல்லும் நீர்ச்சத்துள்ள பழம் அது. நம் நாவல் மரத்துக்கு உறவு. 2002-இல் இந்த முடிவு வெளியாயிற்று. வௌவாலுக்கு இந்த வைரஸால் ஒரு தொந்தரவும் இல்லை.

ஈப்போ அருகே நோய் தொடங்கிய பெரிய பண்ணையைப் போய்ப் பார்த்தவர்களுக்கு மிச்சக் கதையும் விளங்கியது. முப்பதாயிரம் பன்றிகள் இருந்த பண்ணை. பன்றிக் கொட்டில்களை ஒட்டினாற்போல வரிசையாக மாமரங்கள். ஒரே நிலத்தில் இரண்டு வருமானம், கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். இரவில் வௌவால் வரும். மாம்பழத்தைக் கடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். மிச்சம் கொட்டிலுக்குள் விழும். கீழே விழுந்த மாம்பழத்தை வேண்டாம் என்று சொல்லும் பன்றி இன்னும் பிறக்கவில்லை.

1997-இல் காட்டுத் தீப்புகை வானத்தை மூடியதால் வௌவால்கள் காட்டைவிட்டுத் தோட்டங்களுக்கு வந்தன என்று ஓர் அபிப்பிராயம் உண்டு. பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். அந்தப் பண்ணைக்கு வைரஸ் ஒரு தடவைக்குமேல் வந்திருக்க வேண்டும். சிறிய பண்ணையாக இருந்தால் சீக்கிரமே அணைந்திருக்கும். புதுப்புதுக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கிற பெரிய பண்ணையானதால் நெருப்புக்கு விறகு குறையவில்லை என்று 2012-இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. எனக்கு இந்த இரண்டாவது விளக்கந்தான் மனசுக்கு ஒத்து வருகிறது. பழ மரங்களைக் கொட்டிலிலிருந்து தள்ளி நட வேண்டும் என்று மலேசியாவில் விதி செய்தார்கள். அதற்குப் பிறகு அங்கே இந்த நோய் மனிதர்களிடம் தலைகாட்டவில்லை.

பன்றி இல்லாத ஊர்களில்

வௌவாலுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. 2001-லிருந்து வங்காள தேசத்தில் நிப்பா அடிக்கடி வருகிறது. அங்கே நடுவில் பன்றி இல்லை. குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டி இரவெல்லாம் பதநீர் இறக்குவார்கள். விடியற்காலையில் காய்ச்சாமல் அப்படியே குடிப்பார்கள். மரத்தில் காமிரா கட்டிப் பார்த்தபோது, ராத்திரி வௌவால்கள் வந்து சீவிய இடத்தை நக்குவதும், பானைக்குள்ளேயே அசுத்தம் செய்வதும் தெரிந்தது. பாகு காய்ச்சிச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்தில்லை. கொதியில் வைரஸ் செத்துப் போகும்.

அதே 2001-இல் நம் நாட்டில் சிலிகுரியில் 66 பேருக்கு நோய். 45 பேர் மாண்டார்கள். அங்கே பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. மலேசியாவில் அநேகமாகக் காணாத குணம் இது. 2018 மே மாதம் கோழிக்கோட்டு வட்டாரத்தில் வந்தபோதும் அப்படியே. 17 பேர் இறந்தார்கள்; நோயாளிக்குப் பணிவிடை செய்த இளம் நர்ஸ் ஒருவரும் அவர்களில் உண்டு. ஆனால், கேரளத்தில் பெயரைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆகவில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை படுத்தபோதே வைத்தியர்கள் சந்தேகப்பட்டு மாதிரிகளை அனுப்பினார்கள். சில நாட்களில் விடை வந்தது. அதனால்தான் சில வாரங்களில் அடக்க முடிந்தது. கேரளத்தில் பிறகும் சில தடவைகள் அது வந்து போயிருக்கிறது.

குதிரைகளுக்கு ஹெண்ட்ரா தடுப்பூசி ஆஸ்திரேலியாவில் 2012-இல் வந்துவிட்டது. மனிதருக்கான நிப்பா தடுப்பூசி ஒன்றை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2024-இல் ஆரோக்கியமான மனிதர்களுக்குப் போட்டுப் பரீட்சிக்கத் தொடங்கினார்கள். அதுவரை நமக்குள்ள வைத்தியம், வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை "நன்றாக இருக்கிற பாகத்தை நறுக்கித் தருகிறேன்" என்று குழந்தைக்குக் கொடுக்காமல் குப்பையில் போடுவதுதான். கீழே விழுந்த பழத்தைப் பொறுக்குவதும் கூடாது. வாங்கிய பழத்தை நன்றாகக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம்.

வௌவாலைச் சுட்டுத் தள்ளிவிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. தியோமான் தீவில் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோவது அந்த வௌவால்கள்தான் என்று 2017-இல் கண்டார்கள்; வௌவால் போனால் டுரியானும் போகும். நம் பக்கத்திலோ, வௌவால்கள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்ட கிராமங்கள் இருக்கின்றன. வங்காள தேசத்துக் குடியானவர்களின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. மூங்கில் பிளாச்சுகளைப் பாய் போலப் பின்னி, ஈச்ச மரத்தின் சீவிய இடத்தையும் பானையின் வாயையும் சேர்த்து மூடிக் கட்டிவிடுகிறார்கள். செலவு சொற்பம். வௌவால் வந்து பார்த்துவிட்டு, வேறு மரத்துக்குப் போய்விடுகிறது.